வளையல் சத்தத்துக்கு வரும் மீன்கள்

பிளாட்டி மீன் டப்பாவின் மூலையில், தலையைச் சற்றுத் தாழ்த்தி, அசையாமல் நின்றது. காலையில் போட்ட தீனி ஊறிப்போய் ஓரத்தில் ஒட்டியிருந்தது. நான் டார்ச் விளக்கை அடித்து அதன் வயிற்றைப் பார்த்தேன். வாலுக்கு முன்னால் இருக்கும் அந்தக் கறுப்புத் திட்டு நேற்றைவிடப் பெரிதாகியிருந்தது. எந்த நேரமும் குட்டி போடலாம்.

"பா, லைட்டை அணைங்க. கண்ணுல வெளிச்சம் அடிச்சினே இருந்தா அது எப்படிப் போடும்?"

என் மகள் மலர்தான். தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எட்டாவது மாதம் முடிந்து ஒன்பது தொடங்கியிருந்தது. இரண்டு கையிலும் சீமந்தத்தில் போட்ட கண்ணாடி வளையல்கள்.

"வயிறு எப்படி இருக்குதுன்னு பார்க்கிறேன்" என்றேன்.

"பார்த்துக்கினேதான் இருக்கீங்க. உங்களுக்கு இப்ப ரெண்டு பேரு டப்பாவுல."

சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிளாட்டி, கப்பி, மோலி ஆகிய மூன்றும் முட்டையிடுவதில்லை. குட்டியாகவே போடும். போட்ட கையோடு நீந்தும் குட்டிகள். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பசித்தால் தாயே அவற்றைத் தின்றுவிடும். மற்ற மீன்களும் சும்மா விடாது. அதற்காகத்தான் டப்பா. தொட்டிக்குள்ளேயே தொங்கவிடும் பிளாஸ்டிக் பெட்டி. அடியில் இடுக்கு இருக்கும். குட்டி அதன் வழியாக நழுவிக் கீழறைக்குப் போய்விடும். தாயின் வாய் அங்கே எட்டாது.

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினேன். "இதுல போட்டீங்கன்னா ஒரு குட்டி வேஸ்ட் ஆவாது, பெரியவரே" என்றார் கடைக்காரர். ஒன்றுகூட வீணாகாது என்று ஒருவர் சொன்னால் நான் உடனே வாங்கிவிடுவேன். என் சுபாவம் அப்படி.

தொட்டி வந்த கதை

தொட்டி எங்களுடையதல்ல. மலருடையது. அவளும் மாப்பிள்ளை முரளியும் புதுவாயலில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இருவருக்கும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில்தான் வேலை. அவள் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வகத்தில். அவர் வேறொரு கம்பெனியில், மாறி மாறி வரும் ஷிப்டில்.

முதல் பிரசவம் தாய்வீட்டில். சீமந்தம் முடிந்த அன்றே அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று நான் வாடகைக் கார் பேசியிருந்தேன். மலர் வாசலில் நின்றுகொண்டு நகரவில்லை.

"மீனு?" என்றாள்.

"மாப்பிள்ளை பார்த்துக்குவார்."

"அவரு நைட் ஷிப்ட் போனா அவரையே அவரு பார்த்துக்க மாட்டாரு."

மாப்பிள்ளை மறுக்கவில்லை. தொட்டித் தண்ணீரில் பாதியைப் பக்கெட்டில் பிடித்தார். மீன்களைக் காற்று நிரப்பிய கவர்களில் போட்டார். காலித் தொட்டியைப் பழைய போர்வையில் சுற்றினார். தண்ணீர் எதற்கு, எங்கள் ஊரில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன்.

"பழகின தண்ணி கொஞ்சம் கூட வந்தா அதுங்களுக்கு பேஜாரு இருக்காது மாமா" என்றார்.

அவருக்குப் பூர்வீகம் பள்ளிப்பட்டுப் பக்கம், மகனையும் செல்லமாக நைனா என்று கூப்பிடும் ஊர். அவருடைய அம்மா வாசலில் நின்று மகனைப் பார்த்து, "நைனா, பொண்ணு கார்ல ஏறுறதுக்கு முன்னாடி மீனை ஏத்திட்டியே" என்றார். உண்மைதான். பக்கெட் முன்சீட்டில் மாப்பிள்ளையின் மடியில். நானும் சரோஜாவும் மலரும் பின்னால். ஒவ்வொரு வேகத்தடையிலும் மாப்பிள்ளையின் பேன்ட் கொஞ்சம் கொஞ்சமாக நனைந்தது. திருவள்ளூர் வந்து இறங்கும்போது அவர் நடந்த விதத்தைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

மீன்கள் மொத்தம் ஒன்பது. ஒன்பதும் உயிரோடு வந்து சேர்ந்தன. எண்ணித்தான் தொட்டியில் விட்டேன்.

கணீர்

நான் எண்ணுவதைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, மாடிப்படி ஏறும்போதும் எண்ணுவீர்களா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆம், அம்மா. இறங்கும்போதும்.

இது என் தொழில் கற்றுக்கொடுத்தது. கும்மிடிப்பூண்டியில், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு வார்ப்பாலையில், தரம் பார்க்கும் பிரிவில் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. திருவள்ளூரிலிருந்து ரயிலேறி, நடுவில் இறங்கி வேறு ரயில் மாறிப் போக வேண்டும். தட்டில் அடுக்கி வரும் வார்ப்புகளை எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல வார்ப்பு கணீரென்று கோயில் மணிபோல் இழுத்து ஒலிக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொக்' என்று அங்கேயே நின்றுவிடும்.

ஆலையின் இரைச்சலுக்கு நடுவே அந்த 'டொக்' எனக்குத் தனியாகக் கேட்கும். இப்போதும் கடையில் சட்டி வாங்கினால் தட்டிப் பார்ப்பேன். சரோஜா இரண்டு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

இந்தக் காது வீட்டில் எனக்கு வேறு விதத்தில் பயன்பட்டது. மலரின் வளையல் சத்தத்தை வைத்தே அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். தலை வாரினால் ஒரு சத்தம். புரண்டு படுத்தால் ஒரு சத்தம். மீனுக்குத் தீனி போடும்போது விரல்களை உரசுவாள். அப்போது கலகலவென்று மெல்லிய சத்தம். கொஞ்ச நாளில் மீன்களுக்கும் அது தெரிந்துவிட்டது. வளையல் ஒலித்தால் ஒன்பதும் மேலே வந்து வாய் பிளக்கும். நான் போட்டால் வராது. நான் வெறுங்கை.

"இன்னிக்கு எத்தனை?"

இதற்கு முன் மலருக்கு ஒன்று மூன்றாம் மாதமே தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாததால் அது போய்விடவும் இல்லை.

அதனால்தான் மருத்துவர் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். சாப்பிட்ட பிறகு இடதுபக்கமாகப் படுத்து, குழந்தை எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்தால் போதும். குறைவாகத் தெரிந்தால் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும்.

என் வாழ்நாளில் எனக்குப் புரியும் மொழியில் பேசிய ஒரே மருத்துவர் அவர்தான்.

அவள் காலைச் சாப்பாடு முடித்ததும் கேட்பேன். "இன்னிக்கு எத்தனை?"

"பத்து."

மதியம் கேட்பேன். "பத்து." ராத்திரிக்கும் பத்து.

ஒரு நாளாவது பதினொன்றோ பன்னிரண்டோ வர வேண்டாமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு தட்டு வார்ப்பு ஒரே எடையில் வந்தால் தராசைச் சந்தேகப்பட்டவன் நான். ஆனால் பத்து என்ற சொல் காதில் விழுந்ததும் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

"பேரம் பேசுறா மாதிரி வேளா வேளைக்குக் கேட்டா அவ இன்னா பண்ணுவா?" என்றாள் சரோஜா.

"டாக்டர்தானே எண்ணச் சொன்னார்?"

"அவளை எண்ணச் சொன்னாரு. உங்களை இல்லியே."

காலி டப்பா

மீன் டப்பாவுக்குள் போய் நாலைந்து நாளாகியும் குட்டி போடவில்லை. தீனியும் எடுக்கவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"பயந்தா தள்ளிப் போடும்பா இந்த மீனு. ரொம்பத் தொந்தரவு பண்ணா செத்துக்கூடப் பூடும். வெளிய விட்டுடலாம்" என்றாள் மலர்.

"விட்டா குட்டியை எல்லாம் தின்னுடும்."

"கொஞ்சம் தின்னும். கொஞ்சம் ஒளிஞ்சுக்கும்."

இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல் எனக்கு ஆகாது. மாப்பிள்ளைக்கு போன் போட்டு நியாயம் கேட்டேன். ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பார். "இன்னா சொல்றது மாமா… நீங்க சொல்றதும் கரெக்டு. மலரு சொல்றதும் கரெக்டு" என்றார். வாழத் தெரிந்த மனிதர்.

அன்று மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தபோது டப்பா கழுவப்பட்டு, சமையலறை ஜன்னலில் கவிழ்ந்திருந்தது. தொட்டியின் பின்பக்கம் முழுக்க வேலம்பாசி. கடைக்காரரிடம் சொல்லி மலர் வரவழைத்திருக்கிறாள். அம்மாவும் பெண்ணும் கூட்டு. பச்சைக் காடுபோல் அடர்ந்திருந்த அந்தப் பாசிக்கு முன்னால் பிளாட்டி துடுப்பை விரித்து, வாலை ஆட்டிக்கொண்டு சுற்றியது. அது அப்படி நீந்தி நான் பார்த்தே பல நாளாகியிருந்தது.

மறுநாள் காலை அதன் வயிறு ஒட்டியிருந்தது. போட்டுவிட்டது.

கண்ணாடியில் மூக்கு படும்படி ஒட்டிக்கொண்டு தேடினேன். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒரு குட்டி இல்லை. மாலையிலும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"எல்லாம் போச்சு" என்றேன்.

மலர் எழுந்து தொட்டிக்கு வந்தாள். தீனியை உள்ளங்கையில் வைத்து, விரலால் மாவாக அரைத்து, பாசிக்கு மேலே தூவினாள். வளையல்கள் கலகலத்தன. பெரிய மீனுக்கு மாவு எதற்கு என்று கேட்டேன்.

"குட்டிங்களுக்கு" என்றாள்.

"எந்தக் குட்டிக்கு? கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

"உள்ள இருக்கிறது வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியாதுப்பா."

தினமும் இரண்டு வேளை அரைத்துத் தூவினாள். தண்ணீர்தான் கலங்கியது. மாவு வீண், தண்ணீர் வீண் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே வாரம் இரண்டு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போயிற்று.

சத்தம் நின்ற மதியம்

அன்று காலை கேட்டதற்கும் பத்து என்றுதான் சொன்னாள். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டும்போதுதான் உறைத்தது. வெகுநேரமாக வளையல் சத்தம் கேட்கவில்லை.

தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தூக்கத்திலும் புரளுவாளே. எழுந்து போனேன்.

தொட்டிக்கு எதிரே பாயில் இடதுபக்கமாகப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. ஒரு கை வயிற்றின் மேல். இன்னொரு கை, வளையல் ஒலிக்காதபடி முதல் கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

"என்னம்மா?"

"சும்மா படுத்துக்கினு இருக்கேன்."

"எத்தனை?"

"பத்து."

சொன்ன வேகத்திலேயே எனக்குக் கேட்டுவிட்டது. இழுத்து ஒலிக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டது.

நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கீழே உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க ஆள் வேண்டும். அதெல்லாம் அப்போது நினைவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை.  கொஞ்ச நேரம் இருவரும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பா" என்றாள். "காலையிலேர்ந்து ஒண்ணும் தெரியலை. ஸ்வீட்டா ஜூஸ் குடிச்சுப் பார்த்தேன். புரண்டு பார்த்தேன். நேத்து நைட்டே கம்மிதான்."

"நேத்துப் பத்துன்னியேம்மா."

"டெய்லி அதான் சொன்னேன். ஒரு நாளு நான் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பத்து வந்துடும். ஒரு நாளு ரொம்ப நேரம் ஆவும். எட்டு ஆயிடுச்சு, இன்னும் ரெண்டு வரணும்னு சொன்னா நீங்க நாஷ்டா சாப்பிட மாட்டீங்க. வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பீங்க. உங்களைப் பார்த்தா எனக்குப் பயமா ஆயிடும்."

எனக்கு அவளிடம் கோபம் வரவில்லை. என்னிடமும் அப்போது கோபப்பட நேரமில்லை. சரோஜாவைக் கூப்பிட்டேன். அவள் மலரின் முகத்தைப் பார்த்ததுமே பையை எடுத்துக்கொண்டாள். ஆட்டோ வந்தது. தெருமுனை திரும்பும்போது மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பா, இப்ப எதுவும் கேக்காதீங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் திரைக்கு அந்தப் பக்கம் அவளைப் படுக்க வைத்தார்கள். நானும் சரோஜாவும் இந்தப் பக்கம். ஏதோ கருவியை வைத்துத் தேடினார்கள். காற்று வீசுவதுபோல் ஓர் இரைச்சல். மறுபடியும் இரைச்சல். சரோஜா என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

பிறகு அது கேட்டது. தடதடவென்று, தூரத்தில் ரயில் பாலத்தில் ஏறுவதுபோல். வழக்கம்போல் எண்ண ஆரம்பித்தேன். என் எண்ணிக்கை அதன் பின்னால் ஓட முடியாமல் நின்றுவிட்டது. அவ்வளவு வேகம்.

"இருக்கு" என்றாள் சரோஜா. அவ்வளவுதான் சொன்னாள்.

துடிப்பு இருக்கிறது, ஆனால் இதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் மருத்துவர். அன்று மாலையே அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று.

இரண்டு வளையல்கள்

உள்ளே கொண்டுபோவதற்கு முன் வளையல்களைக் கழற்ற வேண்டும் என்றார்கள். கை வீங்கியிருந்தது. வார்டு ஆயாம்மா சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக உருவினார். மூன்று உடைந்தன. மீதியை ஒரு துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை யூனிபார்மோடு ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். 

ஆயாம்மாதான் முதலில் வெளியே வந்தார். "பொம்பளைப் புள்ள. அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்க." மாப்பிள்ளை எழுந்து, எதற்கென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தார்.

ஆயாம்மா என் மடியைக் காட்டினார். "அது எனக்குச் சேர வேண்டியது. சீமந்த வளையலு, பிரசவம் பார்த்த கைக்குத்தான்."

முறைதான். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். முடிச்சை அவிழ்த்தேன். கை தானாக எண்ண ஆரம்பித்தது.

"இன்னா பெரியவரே, பேத்தி பொறந்திருக்குது, வளையலை எண்ணிக்கினு இருக்கீங்க?"

"பழக்கம்மா."

அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. "இந்தாங்க. இதை எண்ணுங்க."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வெந்நீர்க் குடுவையும் பழைய வேட்டித்துணியும் எடுத்துவர என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும் தொட்டியின் காற்றுக் குமிழிச் சத்தம் மட்டும். நேற்று மதியத்திலிருந்து மீன்களுக்கு யாரும் தீனி போடவில்லை. தொட்டியின் முன்பக்கம் வெறுமையாக இருந்தது. எல்லாம் பாசிக்குப் பின்னால் போயிருந்தன. தீனியைத் தூவினேன். ஒன்றும் வரவில்லை.

பையில் கைவிட்டு அந்த இரண்டு வளையல்களை எடுத்தேன். மலர் செய்வதுபோல் கொஞ்சம் தீனியை மாவாக அரைத்தேன். வளையல்களை விரலில் மாட்டி, தண்ணீருக்கு மேலே ஒன்றோடொன்று தட்டினேன். கணீரென்று சின்னதாக ஒலித்தது.

முதலில் தாய் பிளாட்டி வந்தது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக, வாயைப் பிளந்துகொண்டு. ஒன்பது. மறுபடியும் தட்டி, மாவைப் பாசிக்கு மேலே தூவினேன்.

பாசி அசைந்தது. உள்ளேயிருந்து ஓர் அரிசி நீளத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில், ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு அங்கங்கே இலை இடுக்கிலிருந்தெல்லாம் வந்தன. சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்தவை. பெரியவற்றுக்கு எட்டாத ஓரமாக நின்று மாவைக் கொத்தின. எண்ண முயன்றேன். நாலு எண்ணுவதற்குள் இடம் மாறின. ஒன்று உள்ளே போய் வேறொன்று வந்ததா, போனதே வந்ததா என்று தெரியவில்லை.

போன் அடித்தது. மலர். குரல் கரகரவென்று இருந்தது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஊட்டுல இருக்கீங்களா? மீனுக்குப் போட்டீங்களா?"

"போட்டேன். குட்டிங்க இருக்கும்மா. வந்து சாப்பிடுது."

"எத்தனைப்பா?"

"பத்து" என்றேன்.



"சரி" என்றாள் மலர். "நாஷ்டா சாப்ட்டீங்களா?"